தீயை எதிர்க்கும் தொண்டர் படை

அவுஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ளது விக்டோரியா மாநிலம். அங்குள்ள சிற்றூர் ஒன்றில் கோடைகாலத்து நண்பகல். வடக்கிலிருந்து அனற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. திடீரெனக் கடைக்காரர் தம் கடையை மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே ஓடுகிறார். பண்ணையாளர் ஒருவர் ஆட்டு மந்தையை விட்டு வருகிறார். பாடசாலை ஆசிரியை, வங்கி எழுதுநர், வாகனம் திருத்துபவர் என்று ஐந்தாறு பேர் தகரக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றின் முன் கூடுகின்றனர். சில நிமிடங்களில் அவர்கள் அனைவரும் மஞ்சள் நிற உடை அணிந்து, செந்நிறப் பவுசர் வண்டியில் ஏறிப் புகை தெரியும் திசையை நோக்கிச் சென்றுவிடுகின்றனர். இவர்களுள் எவருக்கும் இப்பணிக்காக ஒரு சதமேனும் சம்பளம் இல்லை.

இவர்கள் விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறத் தீயணைப்பு அதிகாரசபையைச் சேர்ந்தவர்கள். மாநில அரசின் சட்டத்தால் அமைக்கப்பட்டு, மாநில அரசின் பொறுப்பில் இயங்கும் ஒரு தாபனம் அது. எனினும் அதன் கையும் காலுமாக நிற்பவர்கள் ஊர்மக்களே. ஏறத்தாழ 1,200 படைப்பிரிவுகளும், ஏறத்தாழ 50,000 தொண்டர்களும் அதில் உள்ளனர். ஓர் அரசாங்கச் சேவை எவ்வாறு ஊராரின் சேவையாகவும் இருக்க முடியும்? அச்சேவை எத்தகைய துன்பங்களினூடே உருவாயிற்று? அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

முதலில் அந்த நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். விக்டோரியா மாநிலம் இலங்கையைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு பரப்புடையது. அதன் தலைநகரம் மெல்போர்ன். அங்கே கோடைகாலம் மார்கழியில் தொடங்கி மாசியில் முடிகிறது. அக்காலத்தில் மழை அரிது. புல்வெளிகள் காய்ந்து வைக்கோல் நிறம் பெறுகின்றன. மலைச்சாரல்களில் யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. நுவரெலியாப் பகுதியிலும், அப்புத்தளைப் பகுதியிலும் நம்மவர் காணும் யூகலிப்டஸ் மரங்களின் தாயகம் அவுஸ்திரேலியாவே.

இம்மரத்தின் இலைகளில் தைலம் உண்டு. தடிமனுக்கும் தலைவலிக்கும் நாம் பூசிக்கொள்ளும் அதே தைலம் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் தன்மையது. சில வகை யூகலிப்டஸ் மரங்களின் பட்டை நாராக உரிந்து அடிமரத்தில் தொங்குகின்றது. தரையிலே ஆண்டுதோறும் உதிரும் இலையும் சுள்ளியும் பட்டையும் படுக்கையாகக் கிடக்கின்றன. ஆகவே அந்தக் காடு தனக்கு வேண்டிய விறகைத் தானே சேர்த்து வைக்கிறது எனலாம். தீப்பட்ட பின்னர் மீண்டும் தளிர்க்கும் ஆற்றலும் அம்மரங்களிற் பலவற்றிற்கு உண்டு. தீ அக்காட்டிற்குப் புதிய விருந்தாளியன்று. பன்னெடுங்காலமாக அதனோடு வாழ்ந்துவரும் ஒன்று.

தீ எரிவதற்கு எரிபொருளும் வெப்பமும் காற்றும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நிலத்தின் சரிவும் காற்றின் வேகமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. தீச்சுவாலை மேல்நோக்கிச் சாய்வதால், மலைச்சரிவில் ஏறும் தீ தனக்கு முன்னுள்ள செடிகொடிகளை முன்னரே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது; இருபது பாகைச் சரிவில் அது நான்கு மடங்காகும். மலைமுகட்டில் இயற்கைக் காட்சிக்காகக் கட்டப்பட்ட வீடு தீக்காலத்தில் மிக ஆபத்தான இடமாகிவிடுவதற்குக் காரணம் இதுவே.

இன்னும் ஒரு விந்தை உண்டு. நாரான பட்டைத் துண்டுகள் எரிந்தபடியே புகையோடு வானில் எழுந்து, காற்றால் அள்ளிச் செல்லப்பட்டு, நெடுந்தூரத்துக்கு அப்பால் விழுந்து புதிய தீயை மூட்டுகின்றன. 2009ஆம் ஆண்டுத் தீயில் 30 கிலோமீற்றருக்கு அப்பாலும் இவ்வாறு பொறிகள் விழுந்து பற்றின. எனவே ஆறோ, பெருந்தெருவோ, வெட்டவெளியோ குறுக்கே கிடந்தால் தீ நின்றுவிடும் என்று நம்புவதற்கில்லை. வீடுகள் அழிவதும் பெரும்பாலும் தீச்சுவர் நேரே வந்து மோதுவதால் அன்று. கூரையின் இடுக்கிலும், பீலியில் தங்கிய சருகிலும், வாசற்படியில் கிடந்த பாயிலும் விழும் சிறு பொறிகளே பல வீடுகளை எரித்துவிடுகின்றன.

இவை எல்லாவற்றிலும் கொடியது காற்றுத் திசை மாறுதல். விக்டோரியாவின் மோசமான தீ நாட்களில் கண்டத்தின் நடுப்பகுதியிலுள்ள பாலை நிலத்திலிருந்து வடக்குக் காற்று வீசும். அக்காற்றில் அகப்பட்ட தீ, ஈட்டி போல நீண்டு ஒடுங்கிய வடிவில் தென்கிழக்கு நோக்கி ஓடும். பிற்பகலிலோ மாலையிலோ தென்கடலிலிருந்து குளிர்காற்று வந்து சேரும். வெப்பம் குறைகிறதே என்று மக்கள் மகிழும் நேரம் அதுவே. ஆயின் ஆபத்து உச்சம் அடையும் நேரமும் அதுவே. தென்மேற்கிலிருந்து வரும் புதிய காற்று தீயின் நீண்ட பக்கத்தை அப்படியே முன்னோக்கித் தள்ளுகின்றது. உதாரணமாக, நாற்பது கிலோமீற்றர் நீளமும் மூன்று கிலோமீற்றர் அகலமும் கொண்ட ஒரு தீயை எடுத்துக்கொள்வோமானால், அதுவரை மூன்று கிலோமீற்றராக இருந்த அதன் முகப்பு சில நிமிடங்களில் நாற்பது கிலோமீற்றர் முகப்பாகிவிடுகிறது. சற்றுமுன் பத்திரமாக இருந்த ஊர்கள் தீயின் வாயில் அகப்படுகின்றன. விக்டோரியாவின் துயர வரலாற்றில் இக்காட்சி மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

ஐரோப்பியர் அந்நாட்டில் குடியேறுமுன், அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் தீயைக் கருவியாகக் கையாண்டனர். தக்க பருவத்தில், தக்க இடங்களில், சிறு சிறு தீக்களை மூட்டிப் புல்லையும் புதரையும் எரித்தனர். அவ்விடங்களில் இளம்புல் தளிர்த்தது. வேட்டை விலங்குகள் வந்தன. பெருந்தீக்கு வேண்டிய எரிபொருளும் குறைந்தது. குடியேற்றத்தின் பின் அம்மக்கள் தம் நிலத்தை இழந்தனர். அவர்கள் கையாண்ட முறையும் பெரும்பாலான இடங்களில் நின்றுபோயிற்று. 1851ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி விக்டோரியாவின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலத்தில் தீ பரவியது. ‘கறுப்பு வியாழன்’ என அந்நாள் இன்றும் வழங்குகின்றது. அம்மாநில மக்கள் தம் பெருந்தீக்களுக்கு நாளின் பெயரையே இட்டு வழங்குவது ஒரு வழக்கமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் தீயணைப்புப் படைகள் தோன்றின. 1890ஆம் ஆண்டுச் சட்டம் மெல்போர்ன் நகருக்கு ஒரு சபையையும், நாட்டுப்புற நகரங்களுக்கு வேறொரு சபையையும் ஏற்படுத்தியது. அரசாங்கக் காடுகளைக் காப்பது வன ஆணையகத்தின் பொறுப்பாயிற்று. கிராமங்களிலோ பண்ணையாளர் தாமாகவே கூடிக் கோணிச் சாக்கும் பச்சைக் கிளையும் கொண்டு தீயை அடித்தனர். இவ்வாறு பொறுப்புப் பலவாகப் பிரிந்து கிடந்தது. காட்டில் எழுந்த தீ வேலியைக் கண்டு நிற்பதில்லை. ஆனால் அதை அணைக்கும் அதிகாரம் வேலியோடு நின்றது.

இந்த நிலையில் 1939ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அதற்கு முன் நீண்ட வரட்சி. மெல்போர்னில் வெப்பம் 45.6 பாகை செல்சியஸுக்கு ஏறியது. பல நாட்களாக ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த தீக்கள் அன்றைய காற்றில் ஒன்றுசேர்ந்து எழுந்தன. 71 பேர் மாண்டனர். ஏறக்குறைய 20 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது. மலைக்காடுகளுக்குள் அமைந்திருந்த மர ஆலைகளில் 69 அழிந்தன. அவ்வாலைகளில் வேலைசெய்தோர் குடும்பத்தோடு காட்டினுள்ளேயே வசித்தனர். நிலத்தைத் தோண்டி மண்ணால் மூடிய பதுங்குகுழிகள் சில இடங்களில் அவர்களைக் காத்தன. அத்தகைய குழி இல்லாத ஆலைகளும் பல இருந்தன.

அத்தீயை ஆராய நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன் தலைமையில் அரச விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அவர் எவருக்கும் முகங்கொடாமல் உண்மையை எழுதினார். தீக்கள் மனிதர் கையால் மூட்டப்பட்டவை என்பதே அவர் கண்ட முடிவு. பண்ணையாளர், காட்டில் மாடு மேய்ப்போர், மரம் வெட்டுவோர், வழிப்போக்கர் எனப் பலரும் தத்தம் வசதிக்காகத் தீ மூட்டி அதனை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கத்தை அவர் விளக்கினார். அரச திணைக்களங்கள் ஒன்றோடொன்று இணங்கி நடவாமையையும் அவர் கண்டித்தார். காட்டில் எரிபொருளைக் குறைப்பதற்குக் கட்டுப்பாட்டுடன் எரிக்கும் முறையை மேற்கொள்ள வேண்டும் என்பதும், நாட்டுப்புறத் தீயணைப்பு முழுவதையும் ஒரே அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பதும் அவருடைய ஆலோசனைகளுள் முக்கியமானவை.

நல்ல அறிக்கை எழுதப்பட்டால் உடனே நல்ல சட்டம் பிறந்துவிடும் என்பதில்லை. உலகப்போர் மூண்டது. ஊரிலிருந்த இளைஞர் பலர் போர்முனைக்குச் சென்றனர். அறிக்கை கிடப்பில் கிடந்தது. 1943ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி வங்கரட்டா நகருக்கு அருகே எழுந்த புல்தீயில் பத்துத் தொண்டர்கள் உயிரிழந்தனர். 1944 பெப்ரவரியில் யல்லோர்ன் என்னுமிடத்தில் திறந்த நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி, மெல்போர்னுக்கு மின்சாரம் வழங்கிய நிலையத்துக்கே ஆபத்து நேர்ந்தது. மீண்டும் ஸ்ட்ரெட்டன் அழைக்கப்பட்டார். மீண்டும் அவர் ஒரே அதிகாரத்தை வற்புறுத்தினார். அதன் பின்னரே 1944ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. 1945 ஏப்ரல் 2ஆந் திகதி நாட்டுப்புறத் தீயணைப்பு அதிகாரசபை தோன்றிற்று. அறிவுக்கும் செயலுக்கும் இடையே ஆறாண்டு கழிந்தது. அந்த இடைவெளிக்கு மக்கள் தம் உயிரால் விலை கொடுத்தனர்.

அதிகாரசபையின் அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு படைப்பிரிவு. அதன் தலைவரைக் கப்டன் என்பர். அவரை மேலிடம் நியமிப்பதில்லை. படைப்பிரிவின் உறுப்பினரே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். அயலிலுள்ள படைப்பிரிவுகள் சேர்ந்து ஒரு குழு. குழுக்கள் சேர்ந்து ஒரு மாவட்டம். வண்டியும் உடையும் பயிற்சியும் வானொலித் தொடர்புக் கருவியும் அரசு தருகிறது. நிலத்தைப் பற்றிய அறிவை ஊரார் தருகின்றனர். எந்த வாய்க்காலில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பண்ணையின் பின்வாசல் பாலம் பவுசரின் பாரத்தைத் தாங்காது, எந்த வீட்டில் நடக்கமுடியாத முதியவர் தனித்திருக்கிறார் என்பவற்றைத் தலைநகரத்து அதிகாரி அறியமாட்டார். ஊர்க் கப்டன் அறிவார். காட்டுத்தீயோடு இவர்கள் வேலை முடிவதில்லை. வீட்டுத்தீ, வாகன விபத்து முதலியவற்றுக்கும் இவர்களே விரைகின்றனர்.

காட்டுத்தீயை நீரால் அணைத்துவிடலாம் என்று பலர் எண்ணுவர். ஒரு பவுசர் ஏறத்தாழ மூவாயிரம் லீற்றர் நீரைச் சுமக்கும். கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட தீயின் முன் அது மிகச் சிறிது. ஆகவே தொண்டர்கள் தீயின் நேர்முகத்தில் நிற்பதை விடுத்து, அதன் பின்புறத்திலிருந்து இருபக்கமும் நெருக்கி வருவர். மண்வாரி இயந்திரங்களாலும் கைக்கருவிகளாலும் செடிகொடிகளை நீக்கி, வெறும் மண் தெரியும் தடுப்புக் கோடு வெட்டுவர். சில வேளைகளில் அக்கோட்டிலிருந்து எதிர்த்தீ மூட்டி, வருகின்ற தீக்கு இரை இல்லாமற் செய்வர். விமானங்களும் ஹெலிகொப்டர்களும் மேலிருந்து நீரைக் கொட்டித் தீயின் வேகத்தைக் குறைக்க உதவும். ஆயின் அதை முற்றாக அணைப்பது தரையில் நிற்பவர் வேலையே. சுவாலை அடங்கிய பின்னும் பல நாள் நின்று, புகையும் வேரையும் கட்டையையும் கிளறி நனைக்க வேண்டும். ஒரு பொறி மிஞ்சினாலும் அடுத்த காற்றுக்கு அது போதும்.

இத்தொண்டுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி, கிறித்தவர் திருநீற்றுப் புதன் கொண்டாடும் நாள். அன்று விக்டோரியாவில் 47 பேரும், அயல் மாநிலமான தென் அவுஸ்திரேலியாவில் 28 பேரும் தீயால் மாண்டனர். மேல் பீக்கன்ஸ்பீல்ட் என்னும் ஊரருகே இரண்டு பவுசர்களோடு சென்ற 12 தொண்டர்கள், காற்று திசை மாறிய வேளையில் தீக்குள் அகப்பட்டு இறந்தனர். பதினைந்து ஆண்டுகளின் பின், 1998 டிசம்பர் 2ஆந் திகதி, லின்டன் என்னும் ஊரருகே அதேபோலக் காற்று மாறியபோது ஐந்து தொண்டர்கள் தம் வண்டியோடு மாண்டனர்.

இவ்விழப்புகளிலிருந்து சேவை பாடம் கற்றது. எரிந்த நிலத்துக்கும் தடுப்புக் கோட்டுக்கும் இடையே எரியாத புதர் இருக்குமானால், அந்த இடம் காற்று மாறும்போது கொலைக்களமாகும் என்பது ஒவ்வொரு தொண்டருக்கும் கற்பிக்கப்படுகிறது. குறைந்தபட்சப் பயிற்சி பெறாத எவரும் தீமுனைக்குச் செல்லலாகாது என்பது விதியாயிற்று. பவுசரில் உள்ள நீரின் ஒரு பகுதியைத் தீக்குச் செலவிடாமல், குழுவினரின் உயிர்காப்புக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். வண்டியைச் சுற்றி நீரைத் தூவும் குழாய்களும், வெப்பக் கதிரை மறைக்கும் திரைகளும் பொருத்தப்பட்டன. தீயின் கதிர்வெப்பமே சுவாலை வருமுன் மனிதரைக் கொல்வது. அதனை ஒரு கனத்த கம்பளியும் ஓரளவு தடுக்கும். இன்று பவுசரில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்புப் பொருளுக்கும் பின்னால் ஒரு மரணத்தின் வரலாறு உண்டு.

எனினும் அதிகாரசபை கண்ட மிகப்பெரும் சோதனை 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி வந்தது. அன்று சனிக்கிழமை. மெல்போர்னில் வெப்பம் 46.4 பாகையாயிற்று, 1939ஆம் ஆண்டின் அளவையும் அது விஞ்சியது. அலன் மக்கார்தர் என்ற வனவியலாளர் வகுத்த தீ அபாயக் குறியீடு ஒன்று உண்டு. வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதன், வரட்சி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து அபாயத்தை ஓர் எண்ணாகக் காட்டும் அளவுகோல் அது. 1939ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளியின் நிலைமையே அதில் நூறு என்னும் உச்சமாகக் கொள்ளப்பட்டிருந்தது. அன்றோ பல இடங்களில் அந்த எண் நூறைத் தாண்டியது. அளவுகோலே போதாமற் போன நாள் அது.

கில்மோர் கிழக்கு என்னுமிடத்தில் மின்கம்பி ஒன்று அறுந்ததால் எழுந்த தீ, மலைகளைத் தாண்டி ஓடியது. மாலையில் காற்று மாறியதும் அது கிங்லேக் மலையூர்கள் மீது பாய்ந்தது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் இறந்தனர். மேரிஸ்வில் என்னும் அழகிய மலைநகர் வேறொரு தீயால் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. மாநிலம் முழுவதிலும் 173 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. இறந்தவர்களிற் பெரும்பாலோர் தம் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர்.

இந்த உண்மை அதிகாரசபையின் நெடுநாட் போதனையையே கேள்விக்குள்ளாக்கியது. அதுகாறும் மக்களுக்குச் சொல்லப்பட்டது யாதெனில்: ஒன்று, நேரத்தோடு வெளியேறுங்கள், அல்லது, நன்கு ஆயத்தம் செய்து, வீட்டிலேயே நின்று அதனைக் காத்துக்கொள்ளுங்கள் என்பதே. இப்போதனை வெறும் கற்பனையன்று. கடைசி நேரத்தில் பயந்து வாகனத்தில் ஓடியவரே முந்திய தீக்களில் மிகுதியாக இறந்தனர் என்பதும், ஆயத்தமாக நின்றவர் பொறிகளை அணைத்து வீட்டைக் காத்தனர் என்பதும் அனுபவத்தில் கண்டவை. ஆயின் அவ்வனுபவம் சாதாரணமான தீ நாட்களின் அனுபவம். 2009ஆம் ஆண்டுத் தீயின்முன் நன்கு ஆயத்தம் செய்தவர்களும் சிலர் தோற்றனர். ஆயத்தம் இன்றி, ‘பார்த்துக்கொள்வோம்’ என்று காத்திருந்தவர் பலர். எச்சரிக்கையை எதிர்பார்த்திருந்த ஊர்கள் சிலவற்றுக்கு எச்சரிக்கை உரிய வேளையில் வரவுமில்லை.

நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளை வழங்கியது. ஆராயப்பட்ட தீக்களில் ஐந்து, மின்விநியோகச் சாதனங்களின் பழுதால் எழுந்தவை என அது கண்டது. தலைமையகங்களில் கட்டளைப் பொறுப்புத் தெளிவாக இல்லாமையையும், எச்சரிக்கைகள் தாமதித்ததையும் அது எடுத்துக்காட்டியது. பழைய போதனையை அது முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் மிகக் கொடிய நாட்களில் நேரத்தோடு வெளியேறுவதே பாதுகாப்பு என்பதையும், எல்லாத் தீயும் ஒரே தன்மையதன்று என்பதையும் மக்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்றது. ஐம்பதினாயிரம் தொண்டர்கள் இருப்பினும், ஆபத்து நாளில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு பவுசர் வரமாட்டாது. இந்தக் கசப்பான உண்மையைச் சொல்லும் துணிவும் ஒரு தீயணைப்புச் சேவையின் கடமைகளுள் ஒன்றாகும்.

அதன்பின் எச்சரிக்கை முறை சீரமைக்கப்பட்டது. 2022 செப்டெம்பர் முதல் அவுஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவாக நால்வகை அபாயப் படிகள் வழங்கிவருகின்றன: மிதமானது, உயர்ந்தது, மிகக் கடுமையானது, பேரழிவு தருவது. நான்காம் படி அறிவிக்கப்பட்டால், தீக்கு இலக்காகும் இடங்களிலிருந்து முந்திய இரவிலேயோ அதிகாலையிலேயோ வெளியேறுதல் வேண்டும். பற்றி எரியும் தீ ஒன்றைப்பற்றி மூன்று வகை அறிவித்தல் விடுக்கப்படும்: முதலாவது அறிவுறுத்தல், இரண்டாவது, கவனித்துச் செயற்படுக என்பது, மூன்றாவது அவசர எச்சரிக்கை. சில அறிவித்தல்களில் ‘இனி வெளியேற நேரமில்லை’ என்ற சொற்களும் இடம்பெறும். அச்சொற்களைக் கேட்குமுன்னரே புறப்பட்டுவிட வேண்டும் என்பதே முழுப் போதனையின் சாரம். கொடிய நாட்களில் முழுத் தீத்தடை விதிக்கப்படுகின்றது. அந்நாளில் வெட்டவெளியில் தீ மூட்டுபவருக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

இவ்வறிவித்தல்கள் கைத்தொலைபேசியில் வருகின்றன. எனினும் வானொலியின் இடத்தை அவை பிடித்துவிடவில்லை. 2019 டிசம்பர் 31ஆந் திகதி, மல்லகூட்டா என்னும் கடலோர ஊரைத் தீ சூழ்ந்தது. வெளியேறும் வீதி அடைபட்டது. ஊர்மக்களும் விடுமுறைக்கு வந்தோருமாக ஏறக்குறைய 4,000 பேர் கரையோரத்தில் ஒதுங்கினர். காலைப் பொழுதிலேயே வானம் இருண்டு, பின் செந்நிறமாயிற்று. தீயணைப்புத் தொண்டர்கள் மக்களுக்கும் தீக்கும் இடையே தம் வண்டிகளோடு நின்றனர். சில நாட்களின் பின் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போகும் அத்தகைய வேளையில் பற்றரியால் இயங்கும் ஒரு சிறு வானொலிப் பெட்டியே வெளியுலகின் குரலைக் கொணர்கின்றது. நாட்டின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமும் அவசர ஒலிபரப்பைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

தீயோடு மட்டுமன்றி, தன்னுள்ளும் இச்சேவை போராட வேண்டியிருந்தது. நகரங்கள் வளர்ந்து நாட்டுப்புறத்தைத் தொட்டன. அங்கே சம்பளம் பெறும் வீரரும் தொண்டரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். கட்டளை யாருடையது, உரிமை யாருடையது என்ற பிணக்கு நெடுங்காலம் நீடித்து அரசியலையும் கலக்கியது. இறுதியில் 2020 ஜூலை முதலாந் திகதி, மெல்போர்ன் படையினரும் நாட்டுப்புற அதிகாரசபையின் சம்பள வீரரும் ஒருங்கே சேர்ந்து புதியதொரு படையாயினர். நாட்டுப்புற அதிகாரசபை தொண்டர் அமைப்பாக நின்றது. பணத்தைப் பற்றிய வினாவும் எழுந்தது. முன்னர்க் காப்புறுதி செய்தவரிடமிருந்தே தீயணைப்புச் செலவின் பெரும்பகுதி பெறப்பட்டது. காப்புறுதி செய்யாதவர் பங்கு செலுத்தாமலே பாதுகாப்புப் பெற்றனர். ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 2013 ஜூலை முதல் அவ்வரி எல்லா நிலபுலங்களின் மீதும் விதிக்கப்பட்டது.

இப்பொழுது இன்னொரு கவலை தோன்றியுள்ளது. கிராமங்களிலிருந்து இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர். தொண்டரின் வயது ஏறுகின்றது. அதே வேளையில் கோடை நீள்கிறது. தீப்பருவம் முன்னதாகத் தொடங்குகிறது. ஆதிக்குடிகள் கையாண்ட சிறு தீ முறையை அவர்களிடமிருந்தே மீண்டும் கற்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஒருகாலத்தில் அறியாமை எனத் தள்ளப்பட்டது, இன்று அறிவெனக் கொள்ளப்படுகின்றது.

நமது மலையகத்திலும் வரண்ட மாதங்களில் பற்றைக்காடுகளும் பத்தனைப் புல்வெளிகளும் தீப்பற்றுவதுண்டு. அளவில் அவை விக்டோரியாவின் தீக்களுக்கு ஒப்பாகா. ஆயினும் சரிவில் ஏறும் தீயின் இயல்பு எங்கும் ஒன்றே. அணைக்காமல் விட்ட ஒரு சிறு நெருப்பின் இயல்பும் ஒன்றே.

விக்டோரியாவின் வரலாறு உணர்த்துவது இதுதான். பெருந்தீயை வெல்ல அரசு தனியே போதாது. ஊரார் தனியே போதாது. அரசின் பொருளும் அறிவும் ஊராரின் கையும் கண்ணும் ஒன்றுசேர வேண்டும். அப்போதும் தீ சில வேளைகளில் வெல்லும். ஆகவேதான் அங்கே கோடை பிறக்குமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரே கேள்விக்கு விடை எழுதிவைக்குமாறு கேட்கப்படுகின்றது: ‘எப்பொழுது புறப்படுவோம், எவ்வழியாகப் போவோம்?’ அந்த விடை ஆயத்தமாக இருக்கும் வீட்டில், தகரக் கொட்டகையிலிருந்து புறப்பட்ட கடைக்காரரும் ஆசிரியையும் தேட வேண்டிய உயிர் ஒன்று குறைகின்றது.